தஞ்சாவூர் கிளை

என் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா. ஆனால் பள்ளிக்கூடச் சான்றிதழில் தொடங்கி ஆதார் அட்டை வரை இருவருக்கும் வேறு வேறு சர்நேம். என்னுடையது அப்பாவின் பெயர். அண்ணனுடையது ஒரு மராட்டியக் குடும்பப் பெயர். அது என்ன பெயர் என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரோடு பிறந்தவர்கள் மகாராஷ்டிராவில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்ததற்கு அவர்கள் பொறுப்பாக மாட்டார்கள்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினெட்டு வயதில் பம்பாய்க்கு வந்தவர். சிவ்ரியில் ஒரு சோப்புக் கம்பெனியில் பெட்டி தூக்கும் வேலை. குடியிருந்தது தாராவியில், ஒரே அறை. அவர் வேலை பார்த்த கூட்டத்துக்கு ஒரு முகாதம் இருந்தார். முகாதம் என்றால் கூலிக்காரர்களை மேய்க்கிற மேஸ்திரி. கொங்கண் பக்கத்து மனிதர். வெற்றிலை போட்ட வாயோடு சத்தம் போடுவார். ஆனால் யாருக்காவது கை நசுங்கினால் தன் துண்டைக் கிழித்துக் கட்டுவார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

அண்ணனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வருடத்தில் ஊர் நன்றாக இல்லை. மதராஸிகள் இங்கிருந்து போகவேண்டும் என்று ஒரு கோபம் கிளம்பியிருந்தது. மாதுங்காவில் தமிழர் கடைப் பெயர்ப்பலகைகள் உடைந்தன. முகாதம் அப்பாவிடம், “பையனை மராத்திப் பள்ளிக்கூடத்தில் போடு. மராத்தி தெரிந்தால் நாளைக்கு அவனை ஒருத்தன் தொட மாட்டான்” என்று சொல்லி, சேர்க்கிற அன்று தானே கூட வந்தார்.

அங்கே நடந்ததை அப்பா பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதலில் சிரித்துக்கொண்டே சொல்வார். பிந்திய வருடங்களில் சிரிக்காமல் சொன்னார்.

“வாத்தியாரு பையன் பேரு கேட்டாரு, சொன்னேன். அப்பன் பேரு கேட்டாரு, சொன்னேன். எழுதிக்கிட்டாரு. பெறவும் ஆட்நாவ், ஆட்நாவ்னு கேக்காரு. அதான் சொல்லியாச்சேன்னு நான் நிக்கேன். பின்னால நாப்பது பேரு வரிசையில நிக்கான்.”

ஆட்நாவ் என்றால் மராத்தியில் குடும்பப் பெயர். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்பதை அப்பாவுக்கு இருந்த இந்தியில் விளக்க முடியவில்லை. வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்போது முகாதம் அப்பாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி நோட்டைத் தட்டி, “என்னோடதை எழுதுங்கள், மாஸ்தர். இவன் பையன் என் பையன் மாதிரி” என்றார். வாத்தியார் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அப்பா சொன்னபோது அம்மா, “நல்ல மனுசன் பேருதானே, இருந்துட்டுப் போட்டும்” என்றாளாம். ஆறு வருடம் கழித்து என்னைத் தாராவியிலேயே முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே இருந்த டீச்சர் நாகர்கோவில்காரர். ஒன்றும் கேட்காமல் என் பேருக்குப் பின்னால் அப்பா பேரை எழுதினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

முகாதம் நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே செத்துப்போனார். சிவ்ரியில் அவருடைய அறைக்கு அப்பா எங்களை அழைத்துப் போனார். அவர் மனைவி அண்ணனின் தலையில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அவளும் கொங்கணுக்குப் போன பிறகு அந்தப் பெயரில் நாங்கள் நேரில் அறிந்தவர்கள் யாருமில்லை. அண்ணன் மட்டும்தான் மிச்சம்.

அண்ணனுக்கு ஏழாவது எட்டாவது படிக்கும்போது ஒரு பழக்கம் வந்தது. அந்தப் பெயரோடு யார் படம் பேப்பரில் வந்தாலும் வெட்டி எடுத்து, எங்கள் டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுவான். முதலில் ஒரு ஐகோர்ட் ஜட்ஜ். பிறகு ஒரு நாடக நடிகை, மேடையில் பாடுகிறவர். பிறகு சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன ஒரு கிழவர், அவர் இறந்தபோது வந்த படம். நாங்கள் சேலைக்கும் ரேஷன் கார்டுக்கும் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் இவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் புது வாத்தியார் யாராவது, “நீ அந்த ஜட்ஜுக்குச் சொந்தமா?” என்று கேட்பார்களாம். அண்ணன் முதலில் இல்லை என்றான். அப்புறம் சும்மா நின்றான். அப்புறம் லேசாகச் சிரித்தான். இதையெல்லாம் அவனே என்னிடம் சொன்னது. அந்த வயதில் அவன் என்னிடம் எதையும் மறைத்ததில்லை.

அவன் காலேஜ் முடித்த சமயத்தில் அதே பெயருள்ள ஒரு என்ஜினியர் கைதானார். அவர் அனுமதி கொடுத்த கட்டடம் இடிந்து ஆட்கள் செத்துப்போயிருந்தார்கள். அண்ணன் அந்தப் பேப்பரை மடித்து ஒளித்துவைத்தான். இரண்டு நாள் வெளியே போகவில்லை. அப்பா அவனைப் பார்த்து, “ஏல, அவன் யாரு, நீ யாரு? உனக்கு எதுக்கு மொகம் வாடுது?” என்றார். அப்பாவுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு பயம் வந்திருக்க வேண்டும். அம்மாவிடம், “மொகாதம் நல்லதுதான் செஞ்சாரு. நான்தான் வாயத் தொறந்து நமக்கு அப்படி இல்லன்னு சொல்லியிருக்கணும்” என்றார்.

செம்பூரில் ஒரு கம்பெனியில் அண்ணனுக்கு கிளார்க் வேலை கிடைத்தது. அங்கே அவனுக்கு மேலதிகாரியாக இருந்தவர் புனேக்காரர், வேறு சர்நேம் உள்ளவர். பழைய மராட்டிய ராஜாக்களின் சரித்திரம் என்றால் சாப்பாடு வேண்டாம் அவருக்கு. ஒருநாள் அண்ணன் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போய்விட, அப்பா அதை எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனார். வேட்டி கட்டிக்கொண்டுதான் போனார். அண்ணன் கேட்டில் நின்று அவரோடு தமிழில் பேசியதை அந்த அதிகாரி பார்த்துவிட்டார்.

“அவர் யார்?”

“என் அப்பா.”

“இந்தப் பெயரை வைத்துக்கொண்டு தமிழா?” என்று யோசித்த அதிகாரியின் முகம் சட்டென்று மலர்ந்துவிட்டதாம். “தஞ்சாவூரா? நம் படைகளோடு தெற்கே போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பமா?”

அண்ணன் தலையை ஆட்டினான். அவன் வாயால் எதுவும் சொல்லவில்லை என்பதைப் பின்னால் என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறான். “நான் சொல்லலட்டி. அவரே சொல்லிக்கிட்டாரு. நான் இல்லன்னு சொல்லல, அவ்வளவுதான்.”

மறுநாளிலிருந்து அவன் அந்த அதிகாரிக்குக் கிளார்க் இல்லை, முந்நூறு வருடம் கழித்துத் திரும்பிவந்த சொந்தக்காரன். தஞ்சாவூரைப் பற்றிப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் படித்தான். அவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் அளவுக்குப் படித்துக்கொண்டான். சில வருடம் கழித்து அவர் தன் மகளையே அவனுக்குக் கொடுக்க முன்வந்தார். அண்ணனுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. அந்தப் பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் இவனை. அதில் பொய் இல்லை.

பெண் பார்க்கப் போகிற அன்று குர்லாவில் ரயில் மாறும்போது அண்ணன் பிளாட்பாரத்தில் நின்று அப்பா அம்மாவிடம் சொன்னான்: “அவங்க தஞ்சாவூர்னு சொன்னா நீங்க தலைய ஆட்டுங்க. போதும். வேற ஒண்ணும் பேச வேண்டாம்.”

“நான் தஞ்சாவூரப் பாத்தது கூடக் கெடையாதேல” என்றார் அப்பா.

“புள்ள கல்யாணம். பேசாம வாங்க” என்றாள் அம்மா.

அந்த வீட்டில் எங்களை மிக மரியாதையாக நடத்தினார்கள். அதிகாரி அப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “அரண்மனைக்கு எந்தப் பக்கம் உங்கள் பழைய வீடு? குதிரைப்படையா, கோட்டைக் காவலா?” அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். நான் என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டேன். அப்பா தன்னுடைய பெட்டி தூக்குகிற இந்தியில், “ரொம்பப் பழைய விஷயம், சாப். யாருக்கும் ஞாபகம் இல்லை” என்றார். அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. “பாருங்கள், எப்படிப்பட்ட பரம்பரை, எல்லாம் மறந்துபோய்விட்டது” என்று மனைவியிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது அவர் பேருக்குப் பின்னாலும் அந்த சர்நேம் ஒட்டியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். “இது யாரு?” என்றார். அம்மா பத்திரிகையை வாங்கி மடித்து வைத்தாள். தாராவியிலிருந்து கல்யாணத்துக்கு ஆறு பேரைத்தான் கூப்பிட்டோம். அதிகம் பேசாத ஆறு பேர்.

அண்ணன் கெட்டவன் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் எழுதியது தப்பாகிவிடும். அம்மாவுக்குக் கான்சர் வந்தபோது லீவு போட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவள் போன பிறகு அப்பாவைச் செம்பூருக்குத் தன் வீட்டுக்கே கூப்பிட்டான். அப்பாதான் போகவில்லை. “அங்க வந்தா நான் தஞ்சாவூர்க்காரனாட்டு இருக்கணும்லா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, கோவண்டியில் என் புகுந்த வீட்டில் வந்து இருந்தார். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வருவான். தாமதமாகப் பிறந்த ஒரே பிள்ளை. என்னை ‘ஆத்யா’ என்று கூப்பிடுவாள். அத்தை என்பதற்கு மராத்தி. காதுக்கு அதிகம் வித்தியாசம் தெரியாததால் எனக்கு அது வலித்ததில்லை. அப்பா அவளோடு தமிழில் பேசுவார், அவள் மராத்தியில் பேசுவாள், இருவரும் ஒரே பொரிகடலைத் தட்டில் கைவைத்திருப்பார்கள்.

அப்பா இறந்தது ஒரு மழைக்கால மதியத்தில். செம்பூர் சுடுகாட்டில் கவுண்டரில் இருந்தவன் அப்பாவின் அட்டையையும் அண்ணனின் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “மகனா? சர்நேம் ஒத்துவரவில்லையே?” என்றான். பத்தடி தள்ளி அண்ணனின் மாமனார் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நீ வந்து கையெழுத்துப் போடுட்டி. உன் பேரு அப்பா பேரோட சேரும்” என்றான். கல்யாணத்துக்குப் பிறகு நான் என் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றுவதற்கு நிற்க வேண்டிய வரிசையைப் பார்த்து விட்டுவிட்டேன். அதனால் அன்றைக்குக் காரியம் நடந்தது. அப்பாவுக்குத் தீ வைத்தவன் அண்ணன். ரெஜிஸ்தரில் அப்பாவின் பிள்ளை என்று இருப்பது நான் மட்டும்.

அழுகையோடு அழுகையாக அன்றைக்கு அது போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு அண்ணன் வந்தால் நான் அதிகம் பேசுவதில்லை. தட்டு வைப்பேன், சாப்பிடுவான், போவான்.

அண்ணன் மகள் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை மத்தியானம் தனியாக ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். கையில் சுருட்டிய சார்ட் பேப்பர். தரையில் விரித்தாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த புராஜெக்டாம்: ‘எங்கள் குடும்பப் பெயரும் அதைத் தாங்கிய சிறந்தவர்களும்.’ மேல் வரிசையில் அந்த ஜட்ஜ் இருந்தார். நாடக நடிகை இருந்தார். ஜெயிலுக்குப் போன கிழவர் இருந்தார். இந்தக் காலத்து ஆட்களும் இரண்டு பேர், ஒரு விஞ்ஞானி, ஒரு கபடி வீராங்கனை. கீழ்ப்பாதி முழுக்கக் காலியாக விட்டு, தலைப்பு மட்டும் எழுதியிருந்தாள்: ‘தஞ்சாவூர் கிளை.’

“அம்மா பக்கத்து ஆஜோபா எல்லாம் சொல்லிவிட்டார், ஆத்யா. நம்முடைய முன்னோர் குதிரைப்படையில் இருந்தாராம். எனக்கு இன்னும் கொஞ்சம் விவரம் வேண்டும். பப்பாவைக் கேட்டால் உன்னைக் கேட்கச் சொல்கிறார். எந்தத் தெரு? யார் முதலில் திரும்பி வந்தது?” இந்தியில் கேட்டாள். ஆஜோபா என்று அவள் சொன்னது அண்ணனின் மாமனாரை. பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

பப்பா உன்னைக் கேட்கச் சொன்னார் என்ற வார்த்தையில்தான் எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்குக் கையெழுத்துப் போட அனுப்பிய மாதிரி இன்றைக்குப் பொய் சொல்லவும் என்னையே அனுப்புகிறான் என்று தோன்றியது. அந்தக் கோபம் இல்லாமல் இருந்திருந்தால் நான் ஏதாவது ஒரு தெருவின் பேரைச் சொல்லி அவளை அனுப்பியிருப்பேன். யோசித்துச் சொன்னேன் என்று இப்போது சொல்லிக்கொண்டால் அது உண்மையாகாது.

எல்லாவற்றையும் சொன்னேன். சோப்புக் கம்பெனி, முகாதம், ஆட்நாவ் கேட்ட வாத்தியார், கம்பெனி கேட், தலையாட்டல், சுடுகாட்டுக் கவுண்டர். அவள் குறுக்கே பேசவில்லை. நடுவில் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

“பப்பா பொய் சொன்னாரா?” என்று கடைசியில் கேட்டாள்.

“அவர்கள் கேட்டார்கள். அவன் மறுக்கவில்லை.”

“மம்மிக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியாது.”

“அந்த முகாதம், அவருடைய போட்டோ இருக்கிறதா?”

இல்லை என்றேன். அவருடைய முழுப் பெயரைக் கேட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். தாத்தாவின் போட்டோ ஒன்று வேண்டும் என்றாள். அப்பாவின் பழைய கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, “நீ ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?” என்றாள். நிற்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அண்ணனிடமிருந்து போன். அவளுடைய புராஜெக்டைப் பள்ளிக்கூடத்தில் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம், ஆண்டுவிழாவில் பேசப் போகிறாளாம், நான் கட்டாயம் வரவேண்டுமாம். “உன்கிட்ட கேட்டுத்தான் எழுதினாளாம்லா. ரொம்ப நன்றிட்டி” என்றான். அவன் குரலில் நிம்மதி இருந்தது. அவளிடம் நான் என்ன சொன்னேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. மேடையில் ஏறி எல்லாவற்றையும் உடைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அதை முன்கூட்டியே அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உடையட்டும் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது.

ஹாலில் முன்வரிசையில் அண்ணனின் மாமனாரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். எண்பது தாண்டிவிட்டார், காது மந்தம். அவருக்குப் பக்கத்தில் மதினி, அப்புறம் அண்ணன், அப்புறம் நான். சார்ட்டை மேடையில் ஒரு பலகையில் குத்தி வைத்திருந்தார்கள். கீழ்ப்பாதி இப்போது நிரம்பியிருந்தது.

அவள் மராத்தியில் பேசினாள். தெளிவான குரல். ஜட்ஜைச் சொன்னாள், நடிகையைச் சொன்னாள். பிறகு, “என் முன்னோர் ஒருவர் குதிரையில் தெற்கே போனார்” என்று ஆரம்பித்தாள். அரண்மனைக்கு மேற்கே ஒரு தெருவைச் சொன்னாள். அப்படி ஒரு தெரு உண்டா என்று எனக்குத் தெரியாது. வறட்சி வந்ததாம், நிலம் போனதாம், கடைசியில் அவளுடைய தாத்தா தன் முன்னோர் விட்டுப்போன மண்ணைத் தேடிக்கொண்டு தனியாக ரயிலேறி வந்தாராம். “அவர் பெட்டி சுமந்தார். ஆனால் தன் பெயரை விடவில்லை” என்று முடித்தாள்.

ஹால் முழுவதும் கைதட்டியது. மாமனார் சக்கர நாற்காலியில் இருந்தபடியே இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார். அவர் கன்னமெல்லாம் ஈரம்.

கூட்டம் கலைந்ததும் நான் சார்ட்டின் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அப்பாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தாள். சட்டைக்கு மேல் இருந்த தொழிலாளி டோக்கன் நம்பரை வெட்டி எடுத்துவிட்டாள். கீழே அப்பாவின் பெயர், அதற்குப் பின்னால் அந்த சர்நேம். முகாதம் எங்காவது இருக்கிறாரா என்று மூலை மூலையாகத் தேடினேன். இல்லை.

அவள் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். “ஆஜோபா மூன்று வாரம் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எனக்காகப் படித்தார், ஆத்யா. அவரிடம் எப்படிச் சொல்வது? பப்பா தினம் ராத்திரி சார்ட் முடிந்ததா என்று கேட்டார். எப்படிச் சொல்வது?” அழவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

“நல்லாப் பேசினே” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப் போவதில்லை. பதினாலு வயதுப் பெண். நான் உண்மையைச் சொல்லி அவள் கையில் கொடுத்தபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே முடிவெடுத்து, அந்த வீட்டில் இருக்கிற பெரியவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டாள். நான் அதற்கும் பாராட்டுச் சொன்னேன்.

அண்ணன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். அவள் தன் சிநேகிதிகளிடம் போனதும் என்னருகில் வந்தான்.

“நீ அவகிட்ட என்ன சொன்ன?”

“நடந்ததச் சொன்னேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தாம்ணே.”

மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். “அப்ப அவளுக்குத் தெரிஞ்சுதான்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். வராந்தாவில் குழந்தைகள் கழற்றி வைத்திருந்த நாட்டிய உடைகள் ஒரு பெஞ்சில் குவிந்து கிடந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தான். மதினி வந்து கூப்பிடும் வரை எழுந்திருக்கவில்லை.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்றைக்குக் கூட்டத்தில் அந்தச் சர்நேம்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். அந்தப் பெயருள்ள குடும்பங்களின் வம்ச வரலாற்றைச் சிலர் சேர்ந்து புத்தகமாகத் தொகுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட புத்தகங்கள் மராட்டியர்களிடம் வழக்கம். தெற்கே போன ஒரு கிளை கிடைத்துவிட்டதில் அவர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மாமனார், தான் உயிரோடு இருக்கும்போதே புத்தகம் வரவேண்டும் என்று அவசரப்படுத்தினார்.

அண்ணன் அவர்கள் கொடுத்த படிவத்தை எடுத்துக்கொண்டு கோவண்டிக்கு வந்தான். தலைமுறை தலைமுறையாகக் கட்டம் போட்டிருந்தது. தாத்தா பெயர் வரை பூர்த்தி செய்திருந்தான்.

“தாத்தாவோட அப்பா பேரு என்னட்டி? அப்பா உன்கிட்ட சொல்லியிருப்பாருல்லா.”

சொல்லியிருந்தார். சொன்னேன். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாமியின் பெயர் அது. தாமிரபரணிக்குத் தெற்கே இருப்பவர்கள்தான் பிள்ளைகளுக்கு வைப்பார்கள். அண்ணன் பேனாவை அந்தக் கட்டத்துக்கு மேல் பிடித்தபடி வெகுநேரம் இருந்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் அந்தச் சர்நேமை எழுதினால் எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“வேண்டாம்னு சொல்லிரேம்ணே. தெரியல, காயிதம் எல்லாம் போயிட்டுன்னு சொல்லிரு.”

“மாமாவுக்கு இப்ப மூச்சே இதுலதான் ஓடுது.”

“அப்ப உன் இஷ்டம். அப்பாவ மட்டும் விட்டுரு. அவரு பேர எழுதாத.”

“அப்பாவ விட்டுட்டு நான் எங்க இருந்து வந்தேன்னு எழுதுவேன்?” என்றான். அவன் குரல் உயரவில்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டான். பிறகு ராஜா காலத்துப் பெயர் மாதிரி ஒன்றை யோசித்து அந்தக் கட்டத்தில் எழுதினான். அதற்கு மேலே இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று. மூன்று பேரைப் பத்து நிமிடத்தில் உண்டாக்கிவிட்டு, தண்ணீர் கேட்டான். கொடுத்தேன்.

மாமனார் புத்தகம் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் இறந்துபோனார். அவருக்காகத்தான் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் போன பிறகாவது நிறுத்தியிருக்கலாம். அச்சுக்குப் போய்விட்டது என்றான். நான் விசாரிக்கவில்லை.

புத்தகம் என் வீட்டில் அலமாரியில் இருக்கிறது. கனமான அட்டை. முன்பக்கத்தில் ஜட்ஜும் நடிகையும் மற்றவர்களும் கலரில் இருக்கிறார்கள். இடிந்த கட்டடத்து என்ஜினியர் இல்லை. பின்பக்கம் ‘தஞ்சாவூர் கிளை’ என்று முக்கால் பக்கம். என் பெயரும் இருக்கிறது, அந்தச் சர்நேமோடு. அதற்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு ஒருநாள் அந்த மராத்திப் பக்கத்தை எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எங்களைத் தெரியாத ஒருவர் படித்தால் நம்பாமல் இருக்கக் காரணமே இல்லை.

அண்ணன் ரிட்டயர் ஆகிவிட்டான். மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். சாப்பிட்டுவிட்டு அப்பா படுத்த இடத்தில் கொஞ்ச நேரம் படுத்திருப்பான். தமிழில்தான் பேசுகிறோம், விலைவாசி, முழங்கால் வலி, ஊரில் யார் இறந்தார்கள். அவன் மகள் புனேயில் படிக்கிறாள். போன தீபாவளிக்குப் போன் செய்தாள். ஹாஸ்டல் சாப்பாடு, பரீட்சை, மழை என்று கால் மணி நேரம் பேசினாள். நானும் பேசினேன். புத்தகத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை. “சரி ஆத்யா, வைக்கிறேன்” என்றாள்.